கண் கெட்ட பிறகா சூரிய நமஸ்காரம்?



கை கால் வலித்தால் உடனே சொல்லிவிடுகிறோம். முதுகு பிடித்துக்கொண்டால் தைலம் தேடுகிறோம். கண் மங்கினால் மட்டும், "வயசாயிடுச்சு, இனி அப்படித்தான்" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். கண் என்பது நம் பிழைப்புக்கு முதல் கருவி என்பது ஏனோ நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

கொஞ்ச காலமாகக் கைத்தொலைபேசியில் சில செய்திகள் சுற்றுகின்றன. "பத்து நாள் இந்தப் பயிற்சி செய்யுங்கள், கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்" என்கிறது ஒன்று. "இந்தக் கீரையைத் தின்றால் கண்புரை கரைந்துவிடும்" என்கிறது இன்னொன்று. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் கூட்டத்துக்குப் போனால், சம்பளம், வீடு என்று கேட்பவர்கள் இப்போது இதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். "அண்ணே, இதெல்லாம் நெசமா?"

கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது கடமை. சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். கண் பயிற்சி கண்ணுக்கு ஓய்வு தரும். வீட்டுச் சமையல் கண்ணைக் காக்கும். ஆனால் பரிசோதனை, மூக்குக் கண்ணாடி, பாதுகாப்புக் கவசம் ஆகிய மூன்றும் செய்கிற வேலையை அவை ஒருநாளும் செய்யமாட்டா. முதல் இரண்டும் நம் கையில் இருக்கின்றன. மற்றவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணால் பிழைக்கும் பிழைப்பு

பால்வெட்டை எடுத்துக்கொள்வோம். பொழுது விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்க வேண்டும். உளி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் பால் குறையும். அந்த நூல் கணக்கைப் பார்ப்பது கை அல்ல, கண்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் கதை மாறவில்லை. குலை பழுத்ததா என்று நாள் முழுக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். நீளக் கம்பில் கட்டிய அரிவாளை இழுக்கும்போது தூசும் பூவும் முள்ளும் முகத்தில் கொட்டும். உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்களோ புல்லுக்கும் சருகுக்கும் இடையே ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்குகிறார்கள். பார்வை மங்கினால் பொறுக்குகிற எடை குறையும்; எடை குறைந்தால் கூலி குறையும்.

மருந்தடிக்கிறவர்கள் நிலை இன்னும் மோசம். காற்று ஒரு முறை திரும்பினால் போதும், தெளித்தது முகத்துக்கே வந்துவிடும். பராகுவாட் என்னும் களைக்கொல்லியின் கதை உங்களுக்குத் தெரியும். 2002-இல் அரசாங்கம் அதைப் படிப்படியாக ஒழிப்பதாக அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை வந்தது. ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரின் தெனகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களின் துயரத்தை 2002-லேயே அறிக்கையாக வெளியிட்டது. அதற்குப் பிறகும் இத்தனை ஆண்டுகள் ஆயின. பராகுவாட் போய்விட்டது என்பதற்காக இப்போதிருக்கும் மருந்து பன்னீர் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் எதுவும் கேடுதான்.

பயிற்சி எதற்கு உதவும், எதற்கு உதவாது?

கண் பயிற்சி இன்று நேற்று வந்ததல்ல. நியூயார்க்கில் பேட்ஸ் என்று ஒரு கண் டாக்டர் இருந்தார். கண்ணாடியே வேண்டாம், பயிற்சியால் பார்வையைச் சரிசெய்யலாம் என்று 1920-இல் புத்தகம் போட்டார். அதே வழியைத் தழுவி, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் டாக்டர் அகர்வால் ஒரு கண் பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தினார். தமிழ்நாட்டுக்குப் போய்வந்த நம்மவர் சிலர் அதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சீனாவிலோ 1963-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் கண்ணைச் சுற்றி விரலால் அழுத்தும் பயிற்சியைத் தினமும் செய்து வருகிறார்கள்.

பலன் என்ன? சீனப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறையவில்லை, கூடித்தான் போனது. காரணம் எளிது. கிட்டப்பார்வை என்பது கண்ணுருண்டை கொஞ்சம் நீண்டுவிடுவதால் வருவது. நீண்டதைப் பயிற்சியால் சுருக்க முடியாது. கண்புரையும் அப்படித்தான். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவதுதான் கண்புரை. அதற்கு அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. பயிற்சியும் கரைக்காது, பச்சிலையும் கரைக்காது.

"அப்போ பயிற்சியே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். களைத்த கண்ணுக்கு ஓய்வு வேண்டும். அந்த அளவுக்குப் பயிற்சி நல்லதே. வேலை முடிந்து வந்ததும் கையை நன்றாகக் கழுவி, இரு உள்ளங்கைகளையும் குழித்து, கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். பிறகு கட்டை விரலை முகத்துக்கு முன் பிடித்து ஒரு மூச்சு நேரம் பாருங்கள். அடுத்த மூச்சில் தூரத்து மரத்தைப் பாருங்கள். இப்படிப் பத்து முறை. கண் உலர்ந்து எரிந்தால் அடிக்கடி இமையுங்கள். கைத்தொலைபேசி பார்க்கிறவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணைத் தூக்கி வாசலுக்கு வெளியே பாருங்கள். செலவில்லை, கெடுதலும் இல்லை.

கெடுதலானவை சில உண்டு. காலைச் சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கச் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சூரியனை உற்றுப் பார்த்தால் கண்ணின் உட்புறத் திரை வெந்துபோகும். சில சமயம் அது திரும்பாது. கண்ணில் தேன் விடுவது, வெங்காயச் சாறு பிழிவது, தாய்ப்பால் விடுவது இவற்றையும் நிறுத்துங்கள். கண்ணில் புண் இருந்தால் இவற்றால் சீழ் பிடிக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல மருந்து இருக்கின்றது. வெளியில் விளையாட விடுங்கள். சீனாவின் குவாங்சௌ நகரில் சில பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளி வெளிச்சத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மூன்றாண்டில் மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 39 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. இந்தப் பள்ளிகளில் அது 30 ஆகக் குறைந்தது. 2015-இல் வெளிவந்த ஆய்வு இது. லயத்துக்கு முன்னால் திடல் இருந்த காலத்தில் நம் பிள்ளைகளுக்கு இது தானாகக் கிடைத்தது. இன்று அடுக்குமாடி வீட்டில் பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, கண் கெட்டுவிட்டதே என்று அழுகிறோம்.

அசாம் தேயிலைத் தோட்டம் சொன்ன பாடம்

நாற்பது வயது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கும். இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். இது நோயல்ல. நரை வருவதுபோல் எல்லாருக்கும் வருவது. ஆனால் கூலிக்காரனுக்கு இதனால் எவ்வளவு நட்டம் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

அசாமில் பார்த்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட தேயிலை கொய்யும் தொழிலாளர் 751 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பேருக்கு உடனே மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் கொய்த கொழுந்து, போடாதவர்களைவிட 21 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. 2018-இல் வெளிவந்த கணக்கு இது. அந்தக் கண்ணாடியின் விலையோ ஏறக்குறைய பத்து அமெரிக்க டாலர்தான்.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். கொழுந்து கொய்வதும் உதிரிப் பழம் பொறுக்குவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை. எடைக்குக் கூலி வாங்குகிற தொழிலாளி கண்ணாடி இல்லாமல் வேலை செய்தால், ஐந்தில் ஒரு பங்கை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வருகிறான் என்று அர்த்தம். நிர்வாகத்துக்கும் அதில் நட்டம். ஆகவே கண் பரிசோதனையைத் தர்மமாகக் கேட்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டிக் கேட்கலாம்.

"கண்ணாடி போட்டா கேலி பண்றாங்க அண்ணே" என்றார் ஒரு தாயார். கேலி செய்கிறவன் சாயங்காலம் வந்து உங்கள் மூட்டையைத் தூக்கிப் பார்க்கட்டும்.

அடுப்படியில் இருக்கும் ஆஸ்பத்திரி

சமையலுக்கு வருவோம். நம் பாட்டன் பாட்டி சாப்பாட்டை ஏழைச் சாப்பாடு என்று நாமே கேவலமாக நினைக்கிறோம். இந்த நாட்டு மருத்துவச் சரித்திரத்தில் அந்தச் சாப்பாட்டுக்கு ஓர் இடம் இருக்கின்றது.

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. கால் வீங்கும், நடை தள்ளாடும், நெஞ்சு அடைக்கும். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறையப் பேர் மாண்டார்கள். பக்கத்திலேயே பாடுபட்ட தமிழர்களுக்கு அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. காரணம் என்னவென்று டாக்டர்கள் தேடினார்கள். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர், நோயாளிகளில் ஒரு பகுதிக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு பகுதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது, பலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை. கேட்க ஆளில்லாத நோயாளிகளின் உயிரை வைத்துத்தான் அந்தப் பாடத்தைக் கற்றார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு குத்தினாலும் முழுதாகப் போவதில்லை. இதைப் பட்டம் படித்தவர்கள் கண்டுபிடிக்கும் முன்னே நம் பாட்டிமார் அவித்துக் காயப்போட்டுவிட்டார்கள்.

கண்ணுக்கு வேண்டிய முக்கியச் சத்து வைட்டமின் ஏ. அது குறைந்தால் மாலைக்கண் வரும். பிள்ளைகளுக்குக் கண்ணே போய்விடும். முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, கங்கோங், சர்க்கரைவள்ளி இலை, பரங்கிக்காய், பப்பாளி, முட்டை எல்லாவற்றிலும் அது கிடைக்கின்றது. கீரையை வேகவைத்து நீரைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் எண்ணெயில் வெங்காயம் தாளித்துக் கிளறுங்கள். எண்ணெய் சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும். ஒரு பிடி நெத்திலியும் பருப்பும் சேர்த்தால் அதுவே ஒரு வேளைக் கறி. ஆனால் ஒன்று. சத்துக் குறையில்லாதவர் கூடை கூடையாகக் கீரை தின்றாலும் கண்ணாடி நம்பர் இறங்காது.

நம் கோலசிலாங்கூருக்கே உரிய ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இந்நாட்டில் முதன்முதலாக வாணிப அளவில் செம்பனை நட்டது 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ் நிற்கின்றது. அந்தச் செம்பனைப் பழத்தின் செந்நிறம் என்ன தெரியுமா? உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின். காரட்டைவிடப் பல மடங்கு. ஆலையில் எண்ணெயைச் சுத்திகரித்து வெளுக்கும்போது அந்தச் சத்து போய்விடுகின்றது. கண்ணுக்கு நல்லதை வெட்டி இறக்குபவன் தொழிலாளி. அவன் வீட்டுக்குப் புட்டியில் வருவது சத்து நீங்கிய எண்ணெய்! கரோட்டின் போகாமல் எடுத்த சிவப்புச் செம்பனை எண்ணெய் இப்போது கடைகளில் இருக்கின்றது. விலை கட்டுபடியானால் வாங்குங்கள். முடியாவிட்டால் வாசலில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுங்கள்.

சீனிதான் இன்றைய திருடன்

அன்று பஞ்சம் கண்ணைக் கெடுத்தது. இன்று சீனி கெடுக்கிறது.

டின் பாலை நினைத்துப் பாருங்கள். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் பேசினார். குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பால் கொடுக்கச் சொல்வது கொலைக்குச் சமம் என்று கம்பெனிக்காரர்கள் காதில் விழும்படி சொன்னார். இன்று குழந்தைக்குக் கொடுக்காதே என்று டின்னிலேயே போட்டிருக்கின்றது. பெரியவர்கள் நாம்தான் அதைத் தே தாரேயாக நாளைக்கு நான்கு குவளை குடிக்கிறோம். அந்த டின்னில் ஏறக்குறைய பாதி சீனி.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். அதைவிடக் கொடுமை, நீரிழிவு கண்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தது.

இரத்தத்தில் சீனி கூடிக்கொண்டே போனால், கண்ணின் உட்புறத் திரையிலுள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. கசிகின்றன, அடைக்கின்றன, கடைசியில் உடைந்து கண்ணுக்குள்ளேயே இரத்தம் கொட்டுகின்றன. இதில் வலி கிடையாது. ஆரம்பத்தில் பார்வையும் நன்றாகவே இருக்கும். மங்கிய பிறகு ஓடினால் பாதி காரியம் கெட்டிருக்கும். முன்பே கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பார்வையைக் காப்பாற்ற முடியும்.

ஆகவே அடுப்படியில் செய்ய வேண்டியது என்ன? சுகாதார அமைச்சு "சுகு சுகு செபாரோ" என்கிறதே, அதுதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நாம் முக்கால் தட்டு சோற்றைக் குவித்து ஓரத்தில் ஒரு கரண்டி கீரை வைக்கிறோம். அதைத் திருப்பிப் போடுங்கள். புழுங்கல் அரிசி நல்லதுதான். அதற்காக அளவை மீறலாகாது. தேநீரில் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கொள்ள மட்டும். இரத்தக் கொதிப்பும் கண்ணைத்தான் தின்கிறது.

சாராயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். மெத்தனால் முதலில் குறிவைப்பது கண் நரம்பை. பிழைத்து எழுந்தவனுக்கும் பார்வை மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் ஆண் தோழர்களுக்குச் சொல்கிறேன். விடியும் முன்னே எழுந்து சமைத்துவிட்டு உங்களோடு வேலைக்கும் வருகிற மனைவியிடம், "நல்ல சாப்பாடா ஆக்கிப் போடு" என்று மட்டும் சொன்னால் போதாது. கீரையை ஆயலாம், வெங்காயம் உரிக்கலாம். கை குறைந்துவிடாது.

கேட்டு வாங்க வேண்டியவை

நம் பங்கைச் செய்த பிறகு நிர்வாகத்தின் பங்கைக் கேட்போம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிமேல் கடமையை வைத்திருக்கின்றது. குலை அறுப்பவருக்கும் மருந்தடிப்பவருக்கும் தேவையான கண் கவசத்தை நிர்வாகம் கொடுக்க வேண்டும். அதற்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. கொடுத்ததைப் போடுவது நம் கடமை. வேர்க்கிறது, ஆவி பிடிக்கிறது என்று கழற்றி வைத்தால் சட்டம் நம்மைக் காப்பாற்றாது. ஆவி பிடிக்காத கவசம் வேண்டுமென்று கேளுங்கள்.

மருந்தடிக்கும் இடத்துக்குச் சுத்தமான தண்ணீர் கூடவே போக வேண்டும். மருந்தோ, பால் உறையவைக்கும் ஆசிட்டோ கண்ணில் பட்டால் கசக்காமல், குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றைக்கே ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் சொக்சோவில் கேட்கும்போது கஷ்டம். 2019 முதல் அந்நியத் தொழிலாளிக்கும் சொக்சோ உண்டு. பக்கத்து நிரையில் வேலை செய்யும் வங்காளதேசத் தோழனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அவன் கண்ணும் கண்தான்.

நாற்பது வயதானவர்கள் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்ச் சீனி பாருங்கள். சீனி இருப்பவர்கள், "கண்ணின் உள்ளே படம் எடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை. கண்ணாடி நம்பர் அடிக்கடி மாறினாலும் முதலில் சீனியைப் பாருங்கள். கிளைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த கூட்டத்தில் தோட்டத்திலேயே வருடாந்திரக் கண் பரிசோதனை வேண்டும், கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். அசாம் கணக்கையும் அதிலேயே எழுதுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதால் பயனில்லை என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர் யார் யார் என்று பாருங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருக்கும் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணைப் பொத்தச் சொல்லுங்கள். யாருக்குத் தடுமாறுகிறதோ அவரை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.